செல் பிரிய எழுபத்திரண்டு மணி நேரம்

"மொதல்ல அவரு கையை நீட்டட்டும் மேடம். அப்புறம் நான் நீட்டுறேன்."

ரத்தம் எடுக்கிற நாற்காலியில உக்காந்து, ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு இப்படிச் சொன்னா. நான் ஊசியும் கையுமா நிக்கிறேன். ஊசிக்குப் பயந்து கையை மறைக்கிறவங்களை நிறையப் பாத்திருக்கேன். மீசை முறுக்கின பெரிய மனுஷங்கள்லாம் என் முன்னாடி கண்ணை இறுக்க மூடிக்கிட்டு முருகனைக் கூப்பிட்டிருக்காங்க. இது அந்தப் பயம் இல்லை. பஸ்ஸுல வர்றப்பவே யோசிச்சு முடிவு பண்ணிட்டு வந்த முகம்.

அவளுக்குத் தமிழரசின்னு பேர் வெச்சுக்குவோம். பேரையும் ஊரையும் மாத்தித்தான் எழுதுறேன், மத்தது நடந்தது நடந்தபடி. முத்துப்பேட்டைப் பக்கம். கல்யாணமாகி அஞ்சு வருஷம். மூணு தடவை உண்டாகி, மூணு தடவையும் மூணாம் மாசம் தாண்டலை. எங்க டாக்டரம்மா சீட்டுல, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் குரோமோசோம் பாக்கணும்னு எழுதி, 'இருவருக்கும்'ங்கிற வார்த்தைக்குக் கீழே ரெண்டு கோடும் இழுத்திருந்தாங்க.

அந்த ரெண்டு கோட்டுக்கு எங்க பக்கத்துல மரியாதையே கிடையாது. பொண்ணை மட்டும் கூட்டிக்கிட்டு வருவாங்க. மாப்பிள்ளை எதிர்க்கடையில டீ குடிச்சுக்கிட்டு இருப்பாரு. "அவனுக்கு எதுக்கு? ஒத்தை ஆளா மூட்டை தூக்குறான்"னு யாராவது ஒரு பெரியம்மா சொல்லும். மூட்டை தூக்குறதுக்கும் குரோமோசோமுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டுக் கேட்டு எனக்குத் தொண்டைதான் வறண்டு போச்சு.

அன்னைக்கு அந்த வசனத்தைச் சொன்னது தமிழரசியோட மாமியார் தனபாக்கியம் அம்மா. அதுக்கு முன்னாடி என்கிட்ட, "நீ எந்த ஊரு, யாரு வீட்டுப் பொண்ணு?"ன்னு கேட்டிருந்தாங்க. அந்தக் கேள்விக்குள்ள இருக்கிற கேள்வி என்னன்னு தஞ்சாவூர்ச் சீமைக்காரங்களுக்குத் தெரியும். எங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் அடுத்தவங்க வயல்ல கூலி வேலை பாத்து என்னைப் படிக்க வெச்சவங்க. அதைச் சொல்ல எனக்கு வெக்கம் இல்லை. ஆனா ஊசி குத்திக்க வந்தவங்களுக்கு அது எதுக்கு? "இந்த லேப் வீட்டுப் பொண்ணு"ன்னேன்.

நான் கொஞ்சம் வாய்க்காரி. எங்க வீட்டுக்காரரைக் கேட்டா கொஞ்சம்ங்கிறதை அடிச்சுடுவாரு.

தமிழரசி கையை மறைச்சதும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி. "ரெண்டு பேரும் குடுத்தாத்தான் இங்க டெஸ்ட்டே. ஒருத்தருக்கு மட்டும் எடுக்கிறதில்லை"ன்னு ஒரு போடு போட்டேன். சுத்தப் பொய். ஒருத்தருக்கும் எடுப்போம். ஆனா அந்தப் பொய்யில, எதிர்க்கடையிலேர்ந்து இளங்கோவன் எழுந்து வந்தாரு. சட்டையை மடிச்சுவிட்டு உக்காந்து, சம்பா நட்ட வயலை விட்டுட்டு வந்திருக்கேன், இந்த ஒரு தடவைதான், திரும்பல்லாம் வர முடியாதுன்னு மட்டும் சொன்னாரு. நல்ல நரம்பு. ஒரே குத்துல கிடைச்சுது.

கிளம்புறப்ப தனபாக்கியம் அம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க கூடிப் பேசப் போறாங்களாம். மருமகளைப் பொறந்த வீட்டுக்கு அனுப்பிட்டு, தை பொறந்ததும் பையனுக்கு வேற இடம் பாக்கிறதா ஏற்பாடு. "அதுக்குள்ள உங்க காயிதம் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்"னாங்க.

அன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. மணி பன்னெண்டு.

தூங்குறவங்களை எழுப்புறது

முப்பது வருஷமா எனக்குச் சோறு போடுறது ஒரே ஒரு அதிசயம். செல் ஒண்ணு ரெண்டாகும். இவ்வளவுதான். ஆனா இதை எத்தனை ஆயிரம் தடவை பாத்தாலும் எனக்கு அலுக்கலை. சாமி சத்தியமா அலுக்கலை.

குரோமோசோமை நெனச்ச நேரத்துல பாத்துட முடியாது. சாதாரணமா அது செல்லுக்குள்ள பிரிச்சுப் போட்ட நூலாட்டம் கிடக்கும், தலை எது வால் எதுன்னு தெரியாது. செல் பிரியப் போற நேரத்துல மட்டும் அத்தனை நூலும் சுருண்டு, தடிச்சு, குட்டிக் குட்டித் துண்டா, எண்ணிப் பாக்கிற மாதிரி நிக்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்களுக்கு.

சிக்கல் என்னன்னா, நம்ம ரத்தத்துல ஓடுற வெள்ளை அணு பிரியிற நினைப்பிலேயே இருக்காது. சும்மாச் சுத்திக்கிட்டு இருக்கும். அதை எழுப்பணும். எழுப்புற மருந்து எதுலேர்ந்து வருது தெரியுமா? நீங்க சப்பாத்திக்குத் தொட்டுக்கிறீங்களே ராஜ்மா, அந்தப் பயறு வகையிலேர்ந்து. சத்து நீர்ல ரத்தத்தைக் கலந்து, பயறு மருந்தைச் சொட்டு விட்டு, முப்பத்தேழு டிகிரிப் பெட்டியில வெச்சுட்டா, வெள்ளை அணு கண்ணைக் கசக்கிக்கிட்டு எழுந்திரிக்கும்.

எழுந்த உடனே பிரிஞ்சுடாது. முதல் நாள் பூரா சாப்பிட்டுச் சாப்பிட்டு உடம்பைப் பெருக்கும். அப்புறம் தன்கிட்ட இருக்கிற நாப்பத்தாறு குரோமோசோமையும் வரி விடாம நகல் எடுக்கும். எடுத்து முடிச்சதும் சரியா எடுத்தோமான்னு ஒரு தடவை சரிபாக்கும். எங்கயாவது பிசகியிருந்தா நின்னு திருத்தும். இதெல்லாம் முடிஞ்சாத்தான் பிரியிறதுக்கே கிளம்பும். ரெண்டாம் நாள் முடியிற நேரத்துல முதல் பிரிதல். எழுபத்திரண்டு மணி நேரத்துல நல்லா ஓட்டம் எடுத்திருக்கும். அப்ப நாங்க எடுத்துடுவோம். அதுக்கு எங்க லேப்ல அறுப்புன்னுதான் பேரு. யார் வெச்ச பேரோ, "நாளைக்கு ரெண்டு அறுப்பு இருக்கு"ன்னுதான் பேசிக்குவோம்.

செவ்வாய் பன்னெண்டுக்கு வெச்சா வெள்ளி பன்னெண்டுக்கு அறுப்பு. ஆளுக்கு ரெண்டு டியூபுன்னு நாலு டியூப் வெச்சேன். அந்த வாரம் வேற யாரோட ரத்தமும் இல்லை.

ஒரு குரோமோசோமைக் காணோம்

இப்பல்லாம் கம்ப்யூட்டர் திரையில குரோமோசோமை இழுத்து இழுத்து ஜோடி சேர்க்கிறோம். நான் வேலைக்குச் சேர்ந்தப்ப கத்தரிக்கோல். நுண்ணோக்கியில போட்டோ எடுத்து, கழுவி, பெருசாப் போட்டு, ஒவ்வொரு குரோமோசோமையும் கத்தரிச்சு, உயரம் பாத்து, அது மேல இருக்கிற கறுப்பு வெள்ளை வரி பாத்து, ஜோடி ஜோடியா அட்டையில ஒட்டணும். வேலை மிஞ்சினா வீட்டுக்கும் எடுத்துக்கிட்டு வருவேன்.

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில வெட்டிப் பரப்பி வெச்சுட்டு எண்ணுறேன், நாப்பத்தஞ்சு. திரும்ப எண்ணுறேன், நாப்பத்தஞ்சு. ஒண்ணு குறைஞ்சா அது ஒரு நோய்ங்க. ஒரு பொம்பளைப் பிள்ளையோட வாழ்க்கை. எனக்கு வேர்த்துப் போச்சு. மேஜைக்கு அடியில, ஃபேனுக்குக் கீழே, துடைப்பத்தை எடுத்துக் கட்டிலுக்கு அடியிலன்னு தேடு தேடுன்னு தேடுறேன். எங்க வீட்டுக்காரர் பாட்டுக்கு உக்காந்து தோசை சாப்பிட்டுக்கிட்டு, என்ன தொலைஞ்சுதுன்னு கேக்கிறாரு. குரோமோசோம்னேன். அது கருப்பா, சின்னதா இருக்குமான்னாரு. பாத்தா அவரு முழங்கையில ஒட்டிக்கிட்டு இருக்கு, இருபத்தோராவது.

அன்னைக்கோட வேலையை வீட்டுக்கு எடுத்துக்கிட்டு வர்றதுக்கு முழுக்குப் போட்டேன். அந்தப் பயம் மட்டும் இன்னும் போகலை. எதை எண்ணினாலும் மூணு தடவை எண்ணுவேன்.

வியாழக்கிழமை மழை

புதன்கிழமை சாயந்திரமே வானம் கறுத்துக்கிட்டு வந்துச்சு. வியாழக்கிழமை காலையில நான் லேப்புக்கு வந்து சேர்ந்ததே பெருசு. முழங்கால் தண்ணி. கூட வேலை செய்யிற பொண்ணு வர முடியலைன்னு போன் பண்ணிட்டா. ஒன்பதரை மணிக்கு எங்கயோ மரம் விழுந்து கரண்ட் போச்சு. ஜெனரேட்டரைப் போட்டா, ரெண்டு இருமல் இருமிட்டு நின்னுடுச்சு, உள்ள தண்ணி ஏறிப் போயிருக்கு.

பெட்டிக்குள்ள முப்பத்தேழு, முப்பத்தாறாச்சு. முப்பத்தஞ்சாச்சு. கதவைத் திறக்கவும் பயம், திறக்காம இருக்கவும் பயம்.

மத்த நாளா இருந்தா, போனாப் போகுது, மறுபடி ரத்தம் எடுத்துக்கலாம்னு விட்டிருப்பேன். இந்த ரத்தத்தை மறுபடி எடுக்க முடியாது. இளங்கோவன் வர மாட்டாரு. வந்தாலும் ஞாயித்துக்கிழமை தாண்டிப் போயிடும். இந்த நாலு டியூபும் ஆறிப்போனா அந்தப் பொண்ணு பொட்டியோட பொறந்த வீட்டுக்குப் போகணும்.

காஸ் அடுப்புல தண்ணி சுட வெச்சு, பேசின்ல ஊத்தி, தெர்மாமீட்டரைப் போட்டுப் பாத்தேன். நாப்பத்தொண்ணுக்குப் போகுது. பச்சைத் தண்ணி ஊத்தினா முப்பத்துமூணு. கூடினா செத்துப்போகும், குறைஞ்சாத் தூங்கிப்போகும். நான் என்ன செய்ய? டியூப் மூடி மேல, கசியாம இருக்க ஒட்டுப் படலத்தை நாலு சுத்து சுத்தி, ரெண்டு பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டு, பஞ்சு வெச்சு, துணியில முடிஞ்சு, புடவைக்குள்ள இடுப்புல கட்டிக்கிட்டேன். மனுஷ உடம்பைவிட உத்தரவாதமான முப்பத்தேழு டிகிரி எங்க இருக்கு?

லேப் விதிப்படி இது பெரிய தப்பு. இன்னைக்கு என்கிட்ட வேலை செய்யிற யாராவது இதைச் செஞ்சா நானே மெமோ குடுப்பேன். எழுதி வெச்சுட்டேன், திட்டுறவங்க திட்டிக்குங்க.

ஆனா என் இடுப்பு அதுக்குச் சரிப்பட்டு வரலை. எனக்கு அப்ப மாதவிலக்கு நிக்கிற வயசு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உடம்பு குப்புன்னு கொதிக்கும், வேர்த்துக் கொட்டும், அப்புறம் சில்லுன்னு ஆயிடும். என்னை நம்பி ஒரு முட்டையைக்கூடக் குடுக்க முடியாது.

இந்த லட்சணத்துல நான் நிக்கிறப்ப, குடையிலேர்ந்து தண்ணி சொட்டச் சொட்ட தமிழரசி உள்ள வந்தா. ஊருக்குப் போகாம, இங்க பக்கத்துல கரந்தையில அக்கா வீட்டுலதான் தங்கியிருந்திருக்கா. ரத்தம் என்னாச்சோன்னு மனசு கேக்காம, மழையில நடந்தே வந்திருக்கா. நான் மறைக்கலை. நடந்ததைச் சொன்னேன்.

அவ குடையைச் சுவத்தோரம் சாய்ச்சு வெச்சுட்டு வந்து சொன்னா: "அவரோடதை எங்கிட்ட குடுங்கக்கா. நான் அசையாம உக்காந்திருப்பேன்."

இடுப்புல ரெண்டு டியூப்

பத்து மணியிலேர்ந்து சாயந்திரம் அஞ்சே கால் வரைக்கும் அந்தப் பொண்ணு ஒரே நாற்காலியில உக்காந்திருந்தா. மணிக்கு ஒரு தடவை தெர்மாமீட்டரைச் சொருகிப் பாப்பேன். முப்பத்தாறரை. அடுத்த மணியும் முப்பத்தாறரை. என்ன உடம்புடா சாமின்னு இருந்துச்சு. அவளோட சொந்த ரத்தம் ரெண்டு டியூபும் என் இடுப்புல, தலைவிதியேன்னு கிடந்துச்சு.

பதட்டத்துல நான் பேசுறதை நிறுத்தலை. உள்ள என்ன நடக்குதுன்னு சொல்ல ஆரம்பிச்சேன். அவ சிரிச்சுட்டா. அவ மன்னார்குடியில பாட்டனி படிச்சவளாம். புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ்னு ஒப்பிச்சா. அஞ்சு மார்க் கேள்வியாம், கலர் பென்சில்ல வரைஞ்சு முழு மார்க் வாங்கினாளாம். இப்ப எந்த ஸ்டேஜ்க்கான்னு கேட்டா.

மணியைப் பாத்தேன். நாப்பத்தெட்டு மணி நேரம் ஆகப் போகுது. "முதல் தடவையாப் பிரிய ஆரம்பிச்சிருக்கும். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஸ்டேஜ்ல இருக்கும்"னேன். அவ குனிஞ்சு வயித்தைப் பாத்தா. நான்தான் என்னென்னவோ நெனச்சுக்கிட்டு, கை கழுவுற சாக்குல உள்ள போய் அழுதுட்டு வந்தேன்.

புத்தகத்துல அஞ்சு மார்க்குக்கு அடங்காத ஒண்ணு இருக்கு. அதை அவகிட்ட சொன்னேன், உங்ககிட்டயும் சொல்றேன். மெட்டாஃபேஸ்ல குரோமோசோம் அத்தனையும் செல்லுக்கு நடுவுல வரிசையா வந்து நிக்கும். ஒவ்வொண்ணும் நகலோட ஒட்டி ரெட்டையா இருக்கும். ரெண்டு ஓரத்துலேர்ந்தும் மெல்லிசா நார் கிளம்பி வந்து, ஒவ்வொரு ரெட்டையையும் இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு பிடிச்சுக்கும். நாப்பத்தஞ்சு பிடிபட்டாச்சு, ஒண்ணு மட்டும் நார்ல மாட்டலைன்னு வைங்க. அந்த ஒண்ணுக்காக மொத்த செல்லும் நிக்கும். பெரிய மாமா வர்றாரு, வந்ததும் பந்தி போடலாம்னு இலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற வீடு மாதிரி நிக்கும். அதுவும் மாட்டின பிறகுதான் எல்லா ரெட்டையும் ஒரே நேரத்துல பிரியும். இந்தப் பக்கம் நாப்பத்தாறு, அந்தப் பக்கம் நாப்பத்தாறு. அதுதான் அனாஃபேஸ். அப்புறம் ரெண்டு பக்கமும் தனித்தனியாச் சவ்வு கட்டிக்கிட்டு, நடுவுல இடுங்கி, ரெண்டு செல். யாரும் மேஸ்திரி கிடையாது, யாரும் விசில் அடிக்கிறதில்லை. நம்ம ஒவ்வொருத்தர் உடம்புலயும் இந்த நிமிஷம் இது நடந்துக்கிட்டு இருக்கு. நாம என்னடான்னா பால் பொங்குறதைப் பாக்கக்கூடப் பொறுமை இல்லாம இருக்கோம்.

தமிழரசி, "தப்பு இருந்தா அதையும் இப்படித்தான் காப்பி எடுக்குமாக்கா?"ன்னு கேட்டா.

ஆமான்னேன். நகல்ல பிசகினாத்தான் திருத்தும், மூலத்துலயே இருக்கிற தப்பு அதுக்குத் தெரியாது, இருக்கிறதை இருக்கிறபடி எடுக்கும்னேன். மத்தியானம் என் டப்பாவுல இருந்த எலுமிச்சை சாதத்தை ஊட்டாத குறையா அவளைச் சாப்பிட வெச்சேன். பாத்ரூம் போறப்பகூட கையால அணைச்சுப் பிடிச்சுக்கிட்டுத்தான் போனா. அஞ்சே காலுக்குக் கரண்ட் வந்து, பெட்டி சூடேறி, டியூபை அவ இடுப்புலேர்ந்து அவிழ்த்து உள்ள வெச்சேன். அவ இடுப்புல அச்சு விழுந்து சிவந்திருந்துச்சு.

அறுப்பு

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கொல்சிசின் விட்டேன். இது நம்ம செங்காந்தள் கிழங்குலேர்ந்து எடுக்கிற மருந்து. வேதாரண்யம் பக்கம் வேலியெல்லாம் பூத்துக் கிடக்குமே, அந்தச் செடி. விஷம்தான். ஒரு துளி விட்டா, நாரெல்லாம் கரைஞ்சு போகும். நார் இல்லாததால குரோமோசோம் இழுபடாம அப்படியே மெட்டாஃபேஸ்ல நிக்கும். எங்களுக்கு வேண்டியது அதுதான்.

பன்னெண்டு மணிக்கு அறுப்பு. டியூபை மெஷின்ல சுத்தவிட்டு, உப்பு கம்மியான நீர்ல ஊறவிட்டு உப்ப வெச்சு, ஸ்பிரிட்டும் ஆசிடும் கலந்து கழுவி, கண்ணாடித் தகடு மேல உயரத்துலேர்ந்து சொட்டு விடணும். விழுந்து உடையிற வேகத்துல குரோமோசோம் பரவும். இது கைவாகு. காத்துல ஈரம் கம்மின்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அதிகம்னா சிதறிப்போகும். அன்னைக்கு ஊரே ஈரம். எந்த உயரத்துலேர்ந்து விடுறதுன்னு தெரியாம மூணு தகட்டை வீணாக்கினேன்.

இளங்கோவனோட முதல் தகட்டுல ஒண்ணுமே இல்லை. இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் மேயுறேன், தூங்குற செல்லாவே கிடக்கு. ரெண்டாவது தகட்டுல, நடுவாக்குல, ஒண்ணு. பூ விரிஞ்ச மாதிரி நாப்பத்தாறும் தனித்தனியா. அடுத்து இன்னொண்ணு. அப்புறம் வரிசையா வருது. லேப்ல தனியா நின்னு கை தட்டினேன்.

என் இடுப்புல இருந்த ரெண்டுல ஒண்ணு வளரவே இல்லை. உன் சூட்டுல வெந்துபோச்சுன்னு டாக்டரம்மா இன்னைக்கும் கேலி பண்ணுவாங்க. இன்னொண்ணு தேறிடுச்சு.

ரெண்டு வாரம் எடுக்கிற வேலையைச் சனிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள முடிச்சேன். தமிழரசிக்கு எல்லாம் சரி. இளங்கோவனுக்கு, ஏழாவது குரோமோசோம் ஒண்ணோட நுனியும் பதினாலாவது ஒண்ணோட நுனியும் இடம் மாறி ஒட்டியிருந்துச்சு. இருபது செல் பாத்தேன். இருபதுலயும் அப்படியே. மூணு தடவை பாத்தேன்.

ரெண்டு வயலும் ஒரு மூலையும்

ஞாயித்துக்கிழமை காலையில, சொந்தக்காரங்க கூடுறதுக்கு முன்னாடியே, டாக்டரம்மா மூணு பேரையும் வரச் சொல்லிட்டாங்க. நானும் கூட நின்னேன். உங்க உடம்புல எதுவும் குறையலை, எதுவும் கூடலை, ரெண்டு துண்டு இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான், அதனால உங்களுக்கு ஒரு நோயும் இல்லைன்னு இளங்கோவன்கிட்ட சொன்னாங்க. செல் ஒண்ணு ரெண்டாகிறப்ப எல்லாத்தையும் முழுசா நகல் எடுத்துக் குடுக்கிறதால சிக்கல் இல்லை. பிள்ளைக்குப் போற விந்து உண்டாகிறது வேற மாதிரிப் பிரிதல். அங்க ஜோடியில ஒண்ணுதான் போகும். அங்கதான் இடிக்குதுன்னாங்க.

இளங்கோவன் குனிஞ்சபடியே கேட்டுக்கிட்டு இருந்தாரு. அப்புறம் நிமிந்து, தானே ஒண்ணு சொன்னாரு.

"வயலைப் பரிவர்த்தனை பண்ணிக்கிற மாதிரிங்களா? இந்த சர்வே நம்பர்ல ஒரு மூலை, அந்த நம்பர்ல ஒரு மூலைன்னு மாத்திக்குவோம். ரெண்டும் ஒரே கையில இருக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. பாகம் பிரிச்சு ஆளுக்கு ஒரு நம்பர்னு குடுத்தா ஒருத்தனுக்குக் குறையும், ஒருத்தனுக்குக் கூடும்."

டாக்டரம்மாவும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். இத்தனை வருஷத்துல இதை நாங்க இவ்வளவு சுருக்கமா யாருக்கும் விளக்கினதில்லை. சில சமயம் மாத்தின ரெண்டும் ஒண்ணாவே போகும், இல்லை மாறாத ரெண்டும் ஒண்ணாப் போகும், அப்ப பிள்ளை நல்லபடியாப் பொறக்கும், அதனால கதவு மூடலைன்னு டாக்டரம்மா சொன்னாங்க.

அந்த மனுஷன் நேரா ஊருக்குப் போய், கூடியிருந்த சொந்தக்காரங்க முன்னாடி, "எங்கிட்டதான் இருக்கு. அவகிட்ட ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லிட்டு, கூட்டத்தை அத்தோட முடிச்சுட்டாராம். தமிழரசி பிறகு சொன்னா. நம்ம ஊர்ல, நம்ம ஆம்பிளைங்க நடுவுல, இதை வாய் திறந்து சொல்றதுக்கு என்ன தைரியம் வேணும்னு உங்களுக்கே தெரியும். மூட்டை தூக்குறது ஒண்ணுமே இல்லை. அவருக்கு நான் இன்னைக்கும் மனசுக்குள்ள ஒரு கும்பிடு போடுவேன்.

ஆனா அவங்க ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர் ரூம்ல நடந்ததைச் சொல்லணும்.

தனபாக்கியம் அம்மா

எல்லாரும் எழுந்த பிறகும் அவங்க மட்டும் உக்காந்தே இருந்தாங்க. இது இவனுக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டாங்க. அம்மாகிட்டேர்ந்தும் வந்திருக்கலாம், அப்பாகிட்டேர்ந்தும் வந்திருக்கலாம், புதுசாவும் உண்டாகியிருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. அப்பா காலமாகி எட்டு வருஷமாச்சு.

"எனக்கும் எடுங்க"ன்னாங்க.

இவங்க வைத்தியத்துக்கு அது தேவையில்லைம்மான்னு டாக்டரம்மா சொன்னாங்க. தனபாக்கியம் அம்மா கையை மேஜை மேல நீட்டிட்டாங்க. அப்பத்தான் சொன்னாங்க, இளங்கோவனுக்கு முன்னாடி அவங்களுக்கு நாலு கலைஞ்சிருக்கு. நாலாவது கலைஞ்ச பிறகு மாமியார் வீட்டுல அவங்க புருஷனுக்கு வேற பொண்ணு பாத்து, பூ வெக்கிற வரைக்கும் போயாச்சு. அந்த மாசம்தான் இளங்கோவன் தங்கியிருக்கான். ஒரு வயிறு சரியில்லைன்னா இன்னொரு வயிறு பாக்கணும், அதுதான் வழக்கம்னு இருந்துட்டேன்னு தரையைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க. மகனுக்கே அது புதுசு. அவரு அம்மாவையே பாத்துக்கிட்டு நின்னாரு.

ஞாயித்துக்கிழமையில நான் ரத்தம் எடுத்து வெச்சது அது ஒண்ணுதான். மூணு நாள். இந்தத் தடவை கரண்ட் போகலை. புதன்கிழமை அறுப்பு, மறுநாள் சாயந்திரம் முடிவு.

வெள்ளிக்கிழமை காலையில மாமியாரும் மருமகளும் மட்டும் பஸ்ஸுல வந்தாங்க. டாக்டரம்மா எல்லாத்தையும் சொல்லி, என்கிட்ட அனுப்பினாங்க, அவங்க தன் குரோமோசோமைக் கண்ணால பாக்கணும்னாங்களாம். திரையில போட்டுக் காட்டினேன். ஜோடி ஜோடியா, இருபத்துமூணு ஜோடி. ஏழையும் பதினாலையும் பெருசாக்கிக் காட்டினேன்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. உங்ககிட்ட ஒரு குறையும் இல்லை."

"அப்ப அவங்க அப்பாகிட்டேர்ந்தா?"

அவரு இல்லாததால அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா நாலு கலைஞ்சதை வெச்சுப் பாத்தா அப்படித்தான் தெரியுதுன்னேன். அவரும் தெரிஞ்சு செய்யலைன்னும் சொன்னேன். அதுக்குத் தலையை மட்டும் ஆட்டினாங்க.

திரையிலேர்ந்து கண்ணை எடுத்து, மருமக பக்கம் திரும்பினாங்க.

"நாலு பிள்ளைக்கு அழுதப்பவும் என்னையே வைஞ்சுக்கிட்டுத்தான் அழுதேன் அரசி. உன்னோட மூணுக்கு நான் அழவே இல்ல."

சொல்லி முடிச்ச பிறகுதான் அழ ஆரம்பிச்சாங்க.